கசிந்தது எது என்று முதலில் பார்

அன்புள்ள குமரா,

கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தைப் பாதியில் விட்டுவிடாதே.

தங்கச்சி விஷயத்துக்கு வருகிறேன். அவள் போகிற இடம், பேசுகிற ஆள் எல்லாம் பிரிந்துபோன கணவருக்கு உடனுக்குடன் தெரிகிறது, வீட்டைச் சோதிக்க ஆள் கூப்பிடலாமா என்று கேட்டிருக்கிறாய். கூப்பிடலாம். ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

ஒரு காகித நோட்டை எடுத்து, இதுவரை கசிந்ததை ஒவ்வொன்றாக எழுதச் சொல். என்ன செய்தி, எந்தத் தேதி, எங்கே, எந்த வழியாகச் சொன்னது, வேறு யாருக்கெல்லாம் தெரியும். நோயாளி வலியைச் சொல்வது மாதிரிதான் இது. வலிக்கிற இடம் தெரிந்தால் பாதி வைத்தியம் முடிந்தது. போன இடம் மட்டும் தெரிகிறது என்றால் வண்டியிலோ பையிலோ டிராக்கர் இருக்கலாம், அல்லது இருப்பிடப் பகிர்வு இன்னும் அணைக்கப்படாமல் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் எழுதியது வரிக்கு வரி தெரிகிறது என்றால் சுவரைத் தட்டிப் பயனில்லை, போனையும் கணக்குகளையும்தான் பார்க்க வேண்டும். போன் பக்கத்தில் இல்லாதபோது, அறைக்குள் வாயால் மட்டும் சொன்னது போய்ச் சேருகிறது என்றால்தான் அறைச் சோதனைக்கு ஆள் தேவை. இரண்டு பக்கமும் பழகுகிற சொந்தக்காரர் ஒருவர் இருந்தால் அவரையும் பட்டியலில் சேர். அந்தக் கருவிக்கு பேட்டரியே வேண்டாம்.

இப்படிப்பட்ட குடும்ப விவகாரங்களில் பெரும்பாலும் பழைய பாஸ்வேர்டுதான் குற்றவாளி. வாட்ஸ்அப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பக்கத்தைத் திறந்தால், அவள் போனைத் தவிர 4 சாதனங்கள் வரை இணைந்திருக்க இடமுண்டு. கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கில் எந்தெந்தச் சாதனம் உள்ளே இருக்கிறது என்ற பட்டியலும் உண்டு. அந்த வீட்டில் விட்டுவந்த பழைய டேப்லெட் அதில் இருந்தால், விடை அதுவாகவே இருக்கலாம். ஆண்ட்ராய்டு போனில் ‘அணுகல்தன்மை’ அனுமதியும், ‘சாதன நிர்வாகி’ அனுமதியும் எந்தச் செயலிக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது, செயலிகளைச் சோதிக்கும் கூகுளின் ‘ப்ளே ப்ரொடெக்ட்’ அணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உளவுச் செயலி ‘சிஸ்டம் சர்வீஸ்’ போன்ற அப்பாவிப் பெயரில் உட்கார்ந்திருக்கும். ஐபோனில் ஐஓஎஸ் 16 முதல் ‘பாதுகாப்புச் சரிபார்ப்பு’ என்று ஒன்று இருக்கிறது. யாருக்கு எது பகிரப்படுகிறது என்பதை ஒரே இடத்தில் காட்டும். *#21# போட்டால் ஒட்டுக்கேட்பு தெரிந்துவிடும் என்று சுற்றுகிற செய்தியை நம்பாதே. அழைப்பு வேறு எண்ணுக்குத் திருப்பிவிடப்பட்டிருக்கிறதா என்பதைத் தவிர வேறெதையும் அது சொல்லாது.

பார்க்கச் சொன்னேனே தவிர, எதையும் நீக்கச் சொல்லவில்லை. செயலியை அழித்த நிமிஷமே எதிராளிக்குத் தெரிந்துவிடக்கூடும். பிடி நழுவுகிறது என்று தெரிந்தால் சிலர் வீட்டு வாசலுக்கே வந்து நிற்பார்கள். அவள் எங்கே தங்குவாள், யார் துணை என்பதைப் பெண்களுக்கான குடும்ப வன்முறை உதவி மையத்தோடு பேசி முடிவு செய்த பிறகுதான் நீக்க வேண்டும். அந்த அழைப்பும் வேறொருவர் போனிலிருந்து போகட்டும். ‘ஃபேக்டரி ரீசெட்’ அடித்தால் சாட்சியமும் சேர்ந்து அழியும். புதுப் போன் வாங்கி, அதில் பழைய கணக்கைப் பழைய பாஸ்வேர்டோடு திறந்தால் ஓட்டையையும் சேர்த்துத்தான் குடியேற்றுகிறோம்.

டிராக்கர் பற்றி. ஆப்பிளின் டிராக்கரான ஏர்டேக் 2021-இல் வந்தது. பத்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது, சிஆர்2032 பேட்டரியில் ஓடும். தெரியாத டேக் கூடவே பயணம் செய்தால் ஐபோன் எச்சரிக்கும்; ஆண்ட்ராய்டிலும் 6-ஆம் பதிப்பு முதல் அந்த வசதி உண்டு. டேக்கில் சத்தம் போடும் சின்ன ஸ்பீக்கரைப் பிடுங்கிவிட்டு ஒளித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் சத்தம் வரவில்லை என்பதை வைத்து முடிவுக்கு வரக்கூடாது. கிடைத்தால் போனின் மேல்பக்கத்தை அதன் வெள்ளைப் பக்கத்தில் வைத்தால் வரிசை எண் தெரியும். படம் எடுத்து போலீசுக்குக் கொடுக்கலாம். காரில் பார்க்க வேண்டிய இடங்கள்: ஸ்டீயரிங்குக்குக் கீழே மெக்கானிக் தன் சோதனைக் கருவியைச் செருகும் ஓபிடி சாக்கெட், சக்கர வளைவு, பம்பரின் உட்புறம், சீட்டுக்கு அடியில். காந்தம் வைத்த பெட்டி என்றால் வண்டியின் அடிச்சட்டத்து இரும்பில் ஒட்டியிருக்கும்.

அறைச் சோதனைதான் தேவை என்று ஆனால், ஆளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம். வீட்டுக்குள்ளிருந்து கூப்பிடக் கூடாது. அவள் போனில் தேடவும் கூடாது. நல்ல ஆள் முதலில் அந்த நோட்டைத்தான் கேட்பார். என்ன கருவிகள், எத்தனை மணி நேரம், எழுத்தில் அறிக்கை உண்டா என்று கேள். ‘அரை மணியில் முடித்துவிடலாம்’ என்பவரையும், ‘போனிலேயே ஸ்கேன் செய்து சொல்கிறேன்’ என்பவரையும் அங்கேயே விட்டுவிடு. ஒட்டுக்கேட்புக் கருவியையும் விற்று, அதைத் தேடியும் கொடுப்பவர் பக்கமே போகாதே. எடுத்துக் காட்டுவதற்கென்றே பையில் ஒன்று கொண்டுவருகிற ஆட்களும் இந்தத் தொழிலில் உண்டு. சோதிக்கும்போது யாராவது ஒருவர் கூடவே நிற்க வேண்டும்.

ஒழுங்காகச் செய்பவர் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் அறையின் ரேடியோ அலைகளைப் பதிவு செய்து, வெளியே எடுத்த பதிவோடு ஒப்பிடுவார். ஆன்லைனில் வாங்கும் மலிவான டிடெக்டர் பக்கத்து வீட்டு வைஃபைக்கும் கத்தும். ஆனால் சும்மா பதிவு மட்டும் செய்துகொண்டிருக்கும் குரல் ரெக்கார்டர் முன்னால் வாயே திறக்காது, ஏனென்றால் அந்த ரெக்கார்டர் எதையும் ஒலிபரப்புவதில்லை. அதற்குத்தான் நான்-லீனியர் ஜங்ஷன் டிடெக்டர். துடைப்பக் கட்டை மாதிரி நீண்ட கம்பு, நுனியில் தட்டு. அது அனுப்பும் அலை சிப்புகளில் இருக்கும் குறைக்கடத்தியில் பட்டால், அதிர்வெண் இரண்டு மடங்காகப் பலமாகத் திரும்பும். கருவி அணைந்திருந்தாலும் சரி. துருப்பிடித்த ஆணியும் பதில் சொல்லும், ஆனால் அதன் பதில் மூன்று மடங்கில்தான் பலமாக இருக்கும். சந்தேகம் வந்தால் சுவரைக் கையால் குத்துவார்கள். துரு என்றால் அளவு துள்ளும், சிப் என்றால் அசையாது.

இதற்குப் பிறகும் கையால் திறந்து பார்ப்பதே பெரிய வேலை. 1945-இல் மாஸ்கோவில் அமெரிக்கத் தூதருக்குப் பரிசாகக் கொடுத்த மரச் சின்னத்துக்குள் பேட்டரியோ மின்சுற்றோ இல்லாத ஒட்டுக்கேட்புக் கருவி இருந்தது. வெளியிலிருந்து ரேடியோ அலை பாய்ச்சினால் மட்டும் உயிர்பெறும். கண்டுபிடிக்க 1952 வரை ஆனது. வீடுகளில் அவ்வளவு தூரம் யாரும் போவதில்லை. யுஎஸ்பி சார்ஜர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், சுவர்க் கடிகாரம், புகை அலாரம் இவைதான். எப்போதும் கரண்ட் கிடைக்கிற இடம் முதல் சந்தேகம். யார் கொண்டுவந்தது என்று யாருக்கும் நினைவில்லாத சார்ஜரை முதலில் பார்க்கச் சொல்.

ஏதாவது கிடைத்தால் தொடாமல், அதன் முன்னால் அதைப் பற்றிப் பேசாமல், படம் எடுத்துவிட்டு வெளியே போய் போலீசைக் கூப்பிட வேண்டும். ஒன்றும் கிடைக்காவிட்டால் அந்த அறிக்கை அன்றைக்கு மட்டும்தான் செல்லும். மறுநாள் சாவி வைத்திருக்கும் ஒருவர் உள்ளே வந்தால் கதை மாறிவிடும். பூட்டையும் மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, தயங்கித்தான் எழுதுகிறேன். எல்லாம் சோதித்தும் ஒன்றும் இல்லை, நோட்டில் மட்டும் பட்டியல் நீள்கிறது, தெருவில் இருமுகிறவரும் கண்காணிக்கிறார் என்று தோன்றுகிறது, தூக்கம் போய்விட்டது என்றால், மனநல மருத்துவரிடம் நீயே கூட்டிப் போ. ‘உனக்குப் பிரமை’ என்று சொல்லாதே; ‘தூங்காமல் இருக்கிறாயே, அதற்காவது போவோம்’ என்று சொல். உண்மையாகவே கண்காணிக்கப்படுகிறவருக்கும் அந்த உதவி தேவைப்படும்.

இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து அவள் போனுக்கு அனுப்பிவிடாதே. நேரில் கொடு.

அன்புடன்,
சேகர்