மேடு பள்ளமான நிலத்துக்கு எந்தப் புல் மெசின்? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஆண்டிறுதி மழை தொடங்கிவிட்டால் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் புல்லுக்குக் கொண்டாட்டம்தான். கடைக்கு வருகிறவர்கள் இப்போது அதிகம் கேட்பது, "ஏறி உட்கார்ந்து ஓட்டுற மெசின் என்ன வெலைங்க?" என்பது. எத்தனை ஏக்கர் என்று கேட்டால் மூணு, நாலு என்கிறார்கள். நிலம் எப்படி என்றால், "கொஞ்சம் மேடு பள்ளந்தான், சமாளிச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டு விலைச் சீட்டைப் புரட்ட ஆரம்பித்துவிடுகிறார்கள். அங்கேதான் நாங்கள் கொஞ்சம் நிறுத்திப் பேச விரும்புகிறோம். ஏக்கரை வைத்து மெசின் வாங்காதீர்கள். உங்கள் நிலத்தில் ஆக மோசமான பகுதி எது, அது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். விலை கூடின மெசினை விற்றால் எங்களுக்கு லாபம்தான். ஆனால் ஆறு மாதத்தில் அது திரும்பி வந்து எங்கள் கொட்டகையில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடப்பதில் யாருக்கும் லாபமில்லை.

நம் பக்கத்து நிலம் பெரும்பாலும் ரப்பர் நின்று, பிறகு செம்பனை (பாமாயில் மரம்) நின்று, அதையும் சாய்த்த பிறகு கோயிலுக்கோ பள்ளிக்கோ பழத்தோட்டத்துக்கோ வந்த நிலம். மேலே புல் பச்சைப் பசேலென்று இருக்கும். கீழே செம்பனைக் கட்டை உளுத்துப்போய், காண்டாமிருக வண்டின் புழு குடியிருந்து, தொட்டால் பொடியாகிற நிலையில் இருக்கும். முன் சக்கரம் அதன்மேல் ஏறினால் பொத்தென்று இறங்கிவிடும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. தோட்டங்களில் செம்பனையை முக்கோண அமைப்பில், மரத்துக்கு மரம் ஏறக்குறைய 9 மீட்டர் விட்டு நடுவார்கள். ஆகவே ஒரு கட்டையைக் கண்டுபிடித்துவிட்டால், அதைச் சுற்றி அதே தூரத்தில் ஆறு கட்டைகளைத் தேடலாம். நடந்தால் ஏறத்தாழ பன்னிரண்டு எட்டு. கம்பியால் குத்திப் பாருங்கள். இறங்குகிற இடத்தில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டுங்கள். மலைச்சரிவில் வரப்பு வெட்டி நட்ட நிலத்தில் மட்டும் இந்தக் கணக்கு சரியாக வராது.

அடுத்தது சரிவு. கண்ணால் பார்த்துச் சொல்வது யாருக்குமே சரியாக வருவதில்லை. ஒரு மீட்டர் நீளத்தில் நேரான பலகை ஒன்று, கொத்தனாரின் ரசமட்டம் ஒன்று, அளவு நாடா ஒன்று போதும். பலகையின் ஒரு முனையை மேட்டுப் பக்கத்துத் தரையில் ஊன்றி, பலகைமேல் வைத்த ரசமட்டத்தின் குமிழி நடுவில் நிற்கும்வரை மறுமுனையைத் தூக்குங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். 27 சென்டிமீட்டர் வந்தால் சரிவு 15 டிகிரி. ஏறி ஓட்டும் மெசின்களின் கையேடுகளில் பெரும்பாலும் இதுதான் எல்லை. சிலவற்றில் 10 டிகிரிதான். அதுவும் காய்ந்த புல்லுக்குச் சொன்னது. இங்கே மதியம் மூன்று மணிக்கு மழை பிடித்தால் மறுநாள் காலையிலும் புல் ஈரமாகத்தான் இருக்கும்.

இரண்டு கைப்பிடிகளைத் தள்ளித் திருப்பும் மெசினை, நின்ற இடத்திலேயே சுற்றுமே அதைத்தான், படத்தில் பார்த்துவிட்டுக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். சமமான திடலுக்கு அதைப்போல வேகம் வேறெதிலும் வராது. ஆனால் அதில் திருப்புவதும் நிறுத்துவதும் பின் சக்கரங்களின் வேலை. ஈரச் சரிவில் அவை வழுக்கினால் இரண்டுமே கையைவிட்டுப் போகும். கீழே லோங்காங் (கால்வாய்) இருந்தால் மெசின் நேராக அங்கேதான் போய் நிற்கும். கால்வாய்க் கரை, வரப்பு விளிம்பு எதுவானாலும் மெசினின் அகலத்தைப்போல இரண்டு மடங்கு தள்ளியே ஓட்ட வேண்டும். அப்படித் தள்ளி ஓட்டினால் மிச்சம் எவ்வளவு புல் நிற்கும் என்று கணக்குப் பாருங்கள். குறுகலான நிலத்தில் பாதிக்கு மேல் கையால்தான் வெட்ட வேண்டியிருக்கும்.

பிளேடை மூடியிருக்கும் தட்டு அகலமாக இருந்தால் இன்னொரு தொல்லையும் உண்டு. 42 அங்குலத் தட்டு ஒரு மேட்டின்மேல் ஏறும்போது சக்கரங்கள் இரு பக்கப் பள்ளத்தில் நிற்க, நடு வயிறு மேட்டைச் சிரைத்துவிடும். அந்த இடம் மொட்டையாகி, மழைக்கு மண் கரைந்து, பிறகு தொட்டாச்சிணுங்கிதான் அங்கே முதலில் முளைக்கும். குறுகலான தட்டு மேடு பள்ளத்தோடு கூடவே ஏறி இறங்கும். அதனால்தான் அலையடிக்கிற நிலத்துக்கு 21 அங்குலம் அளவிலான, பின் சக்கரம் பெரிதாக உள்ள, தானே உருளும் தள்ளு மெசினைச் சொல்கிறோம். ஒரு ஏக்கருக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும், உண்மைதான். முட்டி உயரத்துக்கு வளர்ந்த புல்லுக்கு இது ஆகாது. அதற்கென்று கனமான பிளேடும் டிராக்டர் டயரும் வைத்த நடை மெசின் தனியாக இருக்கிறது.

சரிவில் ஓட்டும் திசை தள்ளு மெசினுக்கும் ஏறி ஓட்டுவதற்கும் நேர்மாறு. இதை மட்டும் வீட்டில் மெசின் ஓட்டுகிற பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். தள்ளு மெசினைச் சரிவுக்குக் குறுக்கே ஓட்டுங்கள். மேலும் கீழுமாகத் தள்ளினால் கால் வழுக்கியதும் நீங்கள் மெசினுக்கு அடியிலோ, மெசின் உங்கள் காலிலோ வந்துவிடும். ஏறி ஓட்டுவதை மேலும் கீழுமாக ஓட்டுங்கள். குறுக்கே போனால் கவிழும்.

தோளில் மாட்டும் மெசின் இல்லாமல் எந்த நிலமும் முடியாது. கேட்க வேண்டியது எந்த வகை என்பதுதான். பக்கவாட்டில் தொங்கும், சைக்கிள் கைப்பிடி வைத்த வகை சமமான இடத்தில் களைப்பில்லாமல் ஓடும். சரிவில் அந்தக் கைப்பிடி மேட்டில் இடிக்கும். கால்வாய்க் கரை, வரப்பு, மரத்தடி என்று வேலை இருந்தால் முதுகில் சுமக்கும் வகையை எடுங்கள். வளையும் குழாய் எந்தப் பக்கமும் திரும்பும். அந்தக் குழாய்க்குள் ஓடும் கம்பிக்குக் கிரீஸ் வைக்க மறந்தால் அது தேய்ந்து அறுந்துவிடும். கடையில் நாங்கள் அதிகம் விற்கும் உதிரிச் சாமான்களில் அதுவும் ஒன்று, காரணம் சொல்ல வேண்டியதில்லை.

லாலான் என்னும் முரட்டுப் புல்லுக்கு எஃகு பிளேடு. கல், வேலி, சமாதி இருக்கும் இடத்துக்கு நைலான் நரம்பு. மேலிருந்து பார்த்தால் பிளேடு இடஞ்சுழியாகச் சுற்றும். வலமிருந்து இடமாக வீசுங்கள், பிளேட்டின் இடது பாதி வெட்டட்டும். வலது முன் முனை கட்டையில் பட்டால் மெசின் திருப்பி அடிக்கும். எந்தப் பிளேடானாலும் சுற்றி 15 மீட்டர் தூரத்துக்குள் ஆள் இருக்கக் கூடாது, நிறுத்தி வைத்த காரும்தான். பள்ளிக்கூட வேலையைச் சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரிடம் ஒவ்வொரு முறையும் சொல்கிறோம். லாலான் வெட்டினால் சாகாது, அதன் உயிர் மண்ணுக்கடியில் ஓடும் தண்டில் இருக்கிறது. பூக்குமுன் திரும்பத் திரும்ப வெட்டினால் சோர்ந்துபோகும், அவ்வளவே.

தோள் மெசினின் பெட்ரோலில் எண்ணெய் கலப்பதைப் பற்றி ஒரு வரி. சாதாரண டூ-டி (டூ-ஸ்ட்ரோக் என்ஜினுக்கான) எண்ணெய் என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி. 50-க்கு 1 என்று எழுதிய நல்ல எண்ணெய் என்றால் 20 மில்லி. ஆனால் உங்கள் மெசின் கையேடு வேறு சொன்னால் அதன்படியே செய்யுங்கள். மைலோ டின் மூடியில் அளப்பதை நிறுத்திவிடுங்கள்.

பேட்டரி மெசின் வீட்டைச் சுற்றி வெட்ட நன்றாக இருக்கிறது, சத்தமில்லை. மூன்று ஏக்கருக்கு இப்போதைக்கு நாங்கள் சொல்ல மாட்டோம். தானாக ஓடும் ரோபோ மெசினைக் கேட்பவர்களுக்கு: உங்கள் நிலத்தில் மாடு மேய்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அப்படியானால் என்னதான் வாங்குவது? கோயில் நிலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்னால் தேர் வரும் சமமான திடல், பின்னால் ஆற்றை நோக்கி இறங்கும் சரிவு, ஓரத்தில் பழைய செம்பனைக் கட்டைகள். திடலுக்கு ஒரு தள்ளு மெசின், சரிவுக்கும் கட்டைகளுக்கும் முதுகு மெசின் இரண்டு. ஏறி ஓட்டும் மெசின் ஒன்றின் விலைக்குள் மூன்றும் வந்து, உதிரிச் சாமானுக்கும் காசு மிஞ்சும். திருவிழா நெருங்கும்போது மூன்று பேர் ஒரே நேரத்தில் இறங்கலாம், ஒன்று பழுதானால் வேலை நிற்காது. தடையில்லாத சமத்தரை மட்டுமே இரண்டு ஏக்கருக்கு மேல் இருந்தால், அப்போது ஏறி ஓட்டுவதைப் பற்றித் தாராளமாகப் பேசலாம். கவிழ்ந்தால் ஆளைக் காக்கும் பாதுகாப்பு வளைவுக் கம்பி உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். கம்பி நிமிர்ந்திருந்தால் மட்டும் பெல்ட் போடுங்கள்.

தள்ளு மெசின் கட்டையில் மோதி நின்றுவிட்டதா? கயிற்றை இழுத்தால் கையை வெடுக்கென்று பிடித்து உதறுகிறதா? என்ஜின் போய்விட்டது என்று முடிவு கட்டிப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். என்ஜினின் கனத்த சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவே விரல் நகத்தைவிடச் சிறிய ஓர் உலோக ஆப்பு இருக்கும். மோதலில் அது ஒடிந்தோ நசுங்கியோ போனால் தீப்பொறி வரும் நேரம் தவறிவிடும். மாற்றுவதற்குச் சில வெள்ளி (ரிங்கிட்) தான். அச்சு வளைந்திருந்தால் மட்டும் செலவு பெரிது, அதையும் பார்த்தே சொல்லிவிடுவோம்.

புதிதாக வாங்க வருகிறவர்கள் பலகை வைத்து அளந்த சரிவின் அளவையும், நிலத்தின் நாலைந்து படங்களையும் கொண்டுவாருங்கள். படத்தில் யாராவது ஓர் ஆள் நிற்கட்டும், புல்லின் உயரம் எங்களுக்குத் தெரியும். டவுனைச் சுற்றியுள்ள இடமென்றால் மழை இல்லாத காலைகளில் நாங்களே தள்ளு மெசினை வேனில் ஏற்றிக்கொண்டு வந்து, உங்கள் சரிவில் உங்கள் கையாலேயே ஓட்டிப் பார்க்க வைப்போம். வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை.

இப்படிக்கு,
கடைக்காரர்கள்
சுங்கை சிப்புட்