நாயோடு மல்லுக்கு நிற்காதே, மனே

கல்லடி, மட்டக்களப்பு,
ஞாயிறு இரவு.

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பின குரல் பதிவை அப்பாவுக்கும் போட்டுக் காட்டினேன். "ருமேனியாவுக்குப் போயும் நாய் துரத்துதாமா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கதையோடு கதையாக நீ ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனாய். "காற்சட்டைதான் கிழிஞ்சது, காலில சின்னக் கீறல், ரெத்தமும் வரல்ல" என்றாயே, அதுதான் என்னைக் குடைகிறது. போனில் சொன்னால் "சரி சரி" என்று பாதியில் வெட்டிவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அக்கா படம் எடுத்து அனுப்புவாள். முழுவதையும் வாசி.

முதலில் கால். நாளைக்கு வேலை இருந்தாலும் சரி, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வேலைக்குப் போ. இரத்தம் வரவில்லை என்பது ஒரு நியாயமே இல்லை. விசர்க் கிருமி, அதுதான் ரேபிஸ், இருப்பது நாயின் எச்சிலில். தோலில் மேலாகக் கீறினாலும், இரத்தம் கசியாமல் பல் பட்டாலும் தடுப்பூசி போட வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் வகுத்து வைத்திருக்கிறது. இரத்தம் வந்துவிட்டால், அல்லது ஏற்கெனவே இருந்த புண்ணில் நாய் நக்கிவிட்டால், தடுப்பூசியோடு காயத்துக்குள்ளும் சுற்றியும் இன்னொரு மருந்து ஏற்றுவார்கள். இமியூனோகுளோபியூலின் என்பது அதற்குப் பெயர். காயமில்லாத தோலை நக்கினால் மட்டும்தான் கழுவிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். உன்னுடையது நடு ரகம். உன்னோடு தங்கியிருக்கிற நேபாளப் பொடியனுக்குக் கெண்டைக்காலில் பல் இறங்கிவிட்டது என்றாய், அவனுடையது கடைசி ரகம். அவனையும் கையோடு கூட்டிக்கொண்டு போ. நாள் போய்விட்டதே, இனி என்ன என்று விடாதீர்கள். பிந்திப் போனாலும் போடத்தான் வேண்டும்.

உனக்கு ஒரு வசதி இருக்கிறது. நீ நாலாம் வகுப்புப் படிக்கும்போது பின்வீட்டு நாய் கடித்து முழு ஊசியும் போட்டவன். முன்பு முழுதாகப் போட்டவர்களுக்கு இரண்டு ஊசியோடு முடிந்துவிடும், இமியூனோகுளோபியூலினும் வேண்டாம். அந்த ஊசித் துண்டுச்சீட்டு அப்பாவின் பைல் கட்டுக்குள் இருந்தது. எழுத்து மங்கிப் போனாலும் திகதிகள் தெரிகின்றன. அதன் படமும் வரும், டொக்டரிடம் காட்டு. நேபாளப் பொடியனுக்கு நாள் பிரித்துப் பிரித்துப் போடுவார்கள். முதல் நாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், அதற்குப் பிறகும் இருக்கும். இரண்டு ஊசியோடு "சுகமாகிட்டுது" என்று நிறுத்திவிட்டு வந்தவர்களை நான் எவ்வளவு கண்டிருக்கிறேன்! காயம் காய்வதற்கும் இந்த ஊசிக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று அவனுக்கு விளங்கப்படுத்து.

எங்கே போவது என்று கேட்பாய். புக்காரெஸ்டில் விக்டர் பாபெஷ் என்பவரின் பெயரில் தொற்றுநோய் ஆஸ்பத்திரி ஒன்று இருக்கிறது, விசர் நாய்க்கடிக்கு அங்கே பார்ப்பார்கள். அந்த ஆள் சும்மா ஆள் இல்லை. பிரான்சில் லூயி பாஸ்டர் 1885இல் ஒன்பது வயதுப் பையனுக்கு முதன்முதலாக இந்த ஊசியைப் போட்டுக் காப்பாற்றினார். அதற்கடுத்த சில வருடங்களிலேயே அந்த மருத்துவத்தை ருமேனியாவுக்குக் கொண்டு வந்தவர் பாபெஷ். நீ இருக்கிற நாடு இந்த விசயத்தில் பழம் தின்று கொட்டை போட்ட நாடு. ஆனால் அங்கே காட்டு நரிகளிடம் இந்த நோய் இன்னும் இருக்கிறது. விமானத்திலிருந்து இரைக்குள் தடுப்பு மருந்து வைத்துப் போட்டு நரிகளுக்குக் கொடுக்கிறார்கள். அதனால் "ஐரோப்பாவில விசர் நாயா?" என்று யாராவது சொன்னால் காதில் போடாதே.

உன்னைப் பயப்படுத்த வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் தாதியாக வார்டில் இருந்த காலத்தில், வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையிலிருந்து வயல் செய்கிற ஒருவரைக் கொண்டு வந்தார்கள். கடித்தது வீட்டில் வளர்த்த குட்டி. விரலில் சின்னதாக ஒரு பல் அடையாளம், அதுவும் இரண்டு மாதத்துக்கு முந்தியது. மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். ஆள் தெளிவாகத்தான் கதைத்தார். "மிஸ்ஸி, கொஞ்சம் தண்ணி தாங்க" என்று அவரே கேட்டார். கோப்பையை வாங்கி உதட்டுக்குக் கிட்டக் கொண்டு போனதும் தொண்டை இழுத்துக்கொண்டது. கோப்பை கையிலிருந்து தெறித்துப் போனது. தாகம் வேறு, திரும்பவும் கேட்டார், திரும்பவும் அதே. மின்விசிறிக் காற்று முகத்தில் பட்டாலும் இழுக்கிறது என்று அதையும் நிற்பாட்டினோம். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப ஊசி போட்டாச் சரியாகிடும்தானே மிஸ்ஸி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கிருமி நரம்பு வழியாக மூளைக்குப் போய்ச் சேருகிற வரைக்கும்தான் ஊசிக்கு அவகாசம். அறிகுறி தெரிந்த பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. இதற்கு மேல் நான் எழுதவில்லை.

இனிமேல் பல்லோ நகமோ பட்டால் அந்த நிமிடமே குழாயைத் திறந்துவிட்டு, சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவு. மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவு. மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதையும் பூசாதே. கடித்த நாயை அடையாளம் தெரிந்தால் நல்லது. பத்து நாள் கழிந்தும் அது சுகமாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பத்து நாளும் ஊசி போடாமல் காத்திருக்கக் கூடாது.

சரி, இனி ராத்திரி வேலை முடிந்து நீ வருகிற அந்த ரோட்டு. பஸ் நிற்கிற இடத்திலிருந்து உங்கள் மாடி வீடுகளுக்கு வருகிற வழியில், பாதி கட்டின கட்டிடத்துக்குப் பக்கத்தில்தான் அவை படுத்திருக்கின்றன என்றாய். ஓடினாயாம். ஓடாதே, மனே. ஓடுகிறதைத் துரத்துவது நாயின் பிறவிக் குணம், நீ எந்த ஓட்டம் ஓடினாலும் அதை வெல்லமாட்டாய். நில். கையை உடம்போடு ஒட்டி வை. கண்ணை நேரே பார்க்காதே, அதற்காக முதுகையும் காட்டாதே. தோள் பையைக் கழற்றி முன்னால் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லப் பின்னுக்குப் போ. கடித்தால் அந்தப் பையைக் கடிக்கட்டும். சைக்கிளில் வந்தால் இறங்கிவிடு, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு உருட்டிப் போ. விழுந்துவிட்டால் சுருண்டு கொள், கழுத்தையும் காதையும் கையால் மூடு. எங்கள் கடற்கரையில் கரைவலை இழுக்கிற இடத்தில் மீனுக்கு நிற்கிற கட்டாக்காலி நாய்கள் நாம் குனிந்தாலே கல் எடுக்கிறோம் என்று ஓடிவிடும். அந்தப் பழக்கத்தில் அங்கேயும் குனியாதே. கூட்டமாக நிற்கிற நாய்களுக்கு முன்னால் தலையைத் தாழ்த்துவது ஆபத்து. குட்டி போட்ட பெட்டை ஒன்று அதற்குள் இருக்கிறதா என்று பகலில் தூரத்தில் நின்று பார். இருந்தால் கொஞ்ச நாளைக்கு வேறு வழியால் வா, சுற்றென்றாலும் பரவாயில்லை.

அப்புறம், அந்தக் காரைதீவுப் பொடியன் சொன்ன யோசனை. இறைச்சிக்குள் மருந்து வைப்போம் என்றானாம். அவனிடம் நான் சொன்னேன் என்று சொல், அந்தக் கதையை இத்தோடு விடச் சொல். ருமேனியாவில் விலங்கைக் கொல்வது குற்றம், சிறைக்குப் போக வேண்டி வரலாம். கடன் பட்டு, விசா எடுத்துப் போன பிள்ளைகள் நீங்கள். அதை விட்டாலும், அந்த இறைச்சித் துண்டை ஒரு சின்னப்பிள்ளை எடுத்தால்? யாரோ ஒருவரின் வீட்டு நாய் தின்றால்? இன்னொன்றும் இருக்கிறது. நாங்கள் சின்னவர்களாக இருந்தபோது இங்கே நாய் பிடிக்கிற வண்டி வரும். பிடித்துக்கொண்டு போய்க் கொன்றார்கள். ரோட்டில் நாய் குறைந்ததாக எனக்கு நினைவில்லை. இருந்ததைக் கொன்றால், குப்பையும் சோறும் கிடக்கிற வரைக்கும் அடுத்த ரோட்டு நாய் வந்து அந்த இடத்தைப் பிடிக்கும். 2006க்குப் பிறகு நம் நாட்டில் கொல்வதை நிற்பாட்டி, ஊசியும் கருத்தடையும் என்று மாற்றினார்கள். நூற்றுக்கு 70 நாய்க்கு ஊசி போட்டுவிட்டால் விசர் பரவுவது நின்றுவிடும் என்பது கணக்கு. அதையும் நம் ஆட்கள் ஒழுங்காகச் செய்தால்தானே. நம் ரோட்டில் சாயங்காலம் நடக்கவே எனக்கு எரிச்சல்தான், அது வேறு கதை.

அந்த நாய்கள் எங்கிருந்து வந்தன என்று யோசித்துப் பார்த்தாயா? 2007இல் யுத்தத்தால் படுவான்கரைச் சனம் ஊரை விட்டு வெளிக்கிட்டு முகாம்களில் கிடந்தது உனக்கு அரைகுறையாக நினைவிருக்கும். ஆட்கள் வந்தார்கள், நாய்களைக் கொண்டு வர முடியவில்லை. கொக்கட்டிச்சோலையில் பெரியம்மா திரும்பிப் போனபோது அவருடைய நாயே வேறு நாய்களோடு சேர்ந்து வளவுக்குள் நின்று உறுமியதாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டும் கிட்ட வரவில்லை. உன் புக்காரெஸ்டிலும் ஏறக்குறைய அதேதான் நடந்தது. 1980களில் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சியில் வளவோடு இருந்த வீடுகளை வரிசை வரிசையாக இடித்துச் சனங்களை மாடி வீடுகளுக்குள் ஏற்றினார்கள். மாடியில் நாய்க்கு இடமில்லை. விட்டுவிட்டுப் போனார்கள், அவை பெருகின.

இதைச் சொல்வது நாய்க்குப் பரிந்து பேச அல்ல. 2013இல் அங்கே நாலு வயதுப் பிள்ளை ஒன்றை நாய்கள் கடித்துக் கொன்றன. 2023 ஜனவரியில் ஓடப் போன ஒரு பெண்ணும் அப்படித்தான் செத்துப் போனாள். பரிதாபம் வேறு, பாதுகாப்பு வேறு. நான் சொல்ல வருவது, உங்கள் பக்கத்துக் கட்டிடத்தைப் பற்றி. அங்கே காவல்காரர்தான் அவற்றுக்குச் சாப்பாடு போடுகிறார், காவலுக்கு உதவும் என்று. கட்டிட வேலை முடிந்ததும் காவல்காரர் போய்விடுவார். நாய்கள் போகாது. முறைப்பாடு செய்வதென்றால் பொறுப்பாக ஓர் ஆள் இருக்கிற இப்போதே செய்ய வேண்டும்.

நீ தனியே போய்ச் சண்டை பிடிக்காதே. வெளிநாட்டுப் பொடியன் சொன்னால் யார் கேட்பார்கள்? கீழ்மாடியில் சோறு வைக்கிற கிழவி ஒருவர் இருக்கிறார் என்றாயே, அவரைப் பகைக்காதே. உங்கள் எல்லாரையும்விட அவருக்குத்தான் அந்த நாய்களைத் தெரியும். எது கடிக்கும், எது குலைக்க மட்டும் செய்யும், எதற்குக் காதில் வில்லை குத்தியிருக்கிறது என்று கேள். வில்லை இருந்தால் கருத்தடை செய்த நாயாக இருக்கும். சாப்பாட்டை நடைவழியில் வைக்காமல் தள்ளி வைக்கச் சொல்லி மரியாதையாகக் கேள், ஒரு தேயிலைப் பக்கெற் கொண்டு போ. நம் தேயிலைக்கு அங்கே நல்ல மதிப்பு. பிறகு அவரையும் சேர்த்துக்கொண்டு, கட்டிடத்தைப் பார்க்கிற நிர்வாகியிடம் போய் எழுத்தில் கொடுங்கள். எந்த நாள், எத்தனை மணி, யாரைக் கடித்தது, ஆஸ்பத்திரித் துண்டு, தூரத்திலிருந்து எடுத்த படம், எல்லாம் வேண்டும். நகரசபைக்குக் கீழே நாய் பிடிக்கிற அதிகார சபை ஒன்று புக்காரெஸ்டில் இருக்கிறது. 2013 சட்டப்படி பிடித்த நாயை யாரும் கேட்டு வராவிட்டால் 14 வேலை நாளுக்குப் பிறகு கொல்லவும் அவர்களுக்கு இடமுண்டு. கிழவி அதற்குப் பயந்துதான் முறைப்பாட்டுக்கு வரமாட்டார். ஆனால் பெட்டைகளையும் குட்டிகளையும் அதற்கு முன் யாராவது தத்தெடுக்க வழி பார்ப்போம் என்றால் வருவார் என்று நினைக்கிறேன். ஆபத்து அந்த நேரத்திலேயே என்றால் 112 என்ற அவசர எண்ணுக்கு அடி.

லீவு தரமாட்டார்கள் என்று நேபாளப் பொடியன் பயப்படுகிறான் என்றாய். சம்பளத்தில் ஒரு நாளை வெட்டட்டும். போன மாதம் நீ அனுப்பின காசில் மதில் கட்ட வைத்ததை நாங்கள் தொடவில்லை. தேவையென்றால் அதைத் திருப்பி அனுப்புகிறேன், அவனுக்கும் சேர்த்து. மதில் அடுத்த வருடம் கட்டலாம். நாளைக்குப் போய் ஊசியைப் போட்டுக்கொண்டு, இரண்டு பேருடைய ஊசித் துண்டையும் படம் எடுத்து அனுப்பு. திகதிகளை நான் கலண்டரில் குறித்து வைத்து, ஒவ்வொரு முறையும் முதல்நாள் இரவே போன் எடுப்பேன்.

அன்புடன்,
அம்மா