மதகின் சாவி யாரிடம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் செயற்கைக்கோள் இணையம் பற்றி வந்த கட்டுரையில், 'வானத்தில் இருப்பதால் எந்த அரசியலும் அதை எட்டாது' என்று ஒரு வரி இருந்தது. இருபத்தாறு ஆண்டுகளாகத் தங்கள் நாளிதழை வாங்குகிறேன். அந்த வரிக்குப் பிறகு அடுத்த பக்கத்தைப் புரட்ட மனம் வரவில்லை.

நான் தலைஞாயிறு பக்கத்துக் கடைமடை விவசாயி. மேட்டூர் அணை திறப்பன்று மலர் தூவும் படம் தங்கள் முதல் பக்கத்தில் தவறாமல் வருகிறது. அந்தத் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்ததா என்று பார்க்க ஒரு நிருபரும் வந்ததில்லை. ஓர் ஆண்டு சம்பா பால் பிடிக்கும் நேரத்தில் முறைவைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனம் என்று மேல் மதகை இறக்கிவிட்டார்கள். இரவில் டார்ச் லைட்டோடு போய்ப் பார்த்தேன். ஷட்டருக்கு அந்தப் பக்கம் இடுப்பளவு தண்ணீர் நிற்கிறது. இந்தப் பக்கம் சேற்றில் நண்டு ஊர்கிறது. திருகுக் கம்பியில் புதுச் சங்கிலி, பெரிய பூட்டு. சாவி யாரிடம் என்று மதகைக் கவனிக்கும் லஸ்கருக்கே தெரியவில்லை. பாதி வயல் பதராகப் போனது.

வானத்திலும் இதுதான் நடக்கிறது. ரஷ்யா பிடித்துவைத்த கிரிமியா பக்கம் ஸ்டார்லிங்க் என்ற செயற்கைக்கோள் இணைய இணைப்பை இயக்கும்படி, ரஷ்யாவோடு போரிட்ட உக்ரைன் 2022-இல் கேட்டது. மறுத்துவிட்டதாக அதை நடத்தும் எலான் மஸ்க் அடுத்த ஆண்டு தாமே சொன்னார். அது சரியா தவறா என்ற வழக்கு எனக்கு வேண்டாம். ஒரு போரின் நடுவே ஒரு தனிமனிதர் கையில் சாவி இருந்தது. அது அரசியல் இல்லையென்றால் வேறு எதற்கு அந்தப் பெயர்?

தாக்குவதற்கு வானத்துக்கு ஏறிப் போகவும் வேண்டியதில்லை. 2022 பிப்ரவரி 24 அன்று, ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்த நேரத்தில், வியாசாட் என்ற செயற்கைக்கோள் இணைய நிறுவனத்தின் தரைக் கட்டமைப்புக்குள் கணினி வழியே புகுந்து ஆயிரக்கணக்கான மோடம்களைச் செயலிழக்கச் செய்தார்கள். சம்பந்தமே இல்லாத ஜெர்மனியில், அதே இணைப்பை நம்பியிருந்த சுமார் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாமல் போயிற்று. அதே ஆண்டு அக்டோபரில், போருக்கு உதவும் தனியார் செயற்கைக்கோள்கள் பதிலடிக்கு உரிய இலக்கு ஆகலாம் என்று ஐ.நா.வில் ரஷ்யா சொன்னது. 1967 விண்வெளி ஒப்பந்தத்தின் 6-ஆம் பிரிவுப்படி, தனியார் நிறுவனம் விண்ணில் செய்வதற்கும் அதன் நாட்டு அரசே பொறுப்பு. இவையெல்லாம் தாங்கள் அறியாதவை அல்ல. அறிந்தும் அந்த வரியை எப்படி விட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

செயற்கைக்கோள் இணையமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் ஊரில் செல்போன் கோபுரம் மடங்கிக் கிடந்தது. சிங்கப்பூரில் இருக்கும் என் மகனுக்கு, நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று சொல்ல ஆறு நாள் ஆயிற்று. அந்த ஆறு நாளும் அவன் சாப்பிடவில்லை என்று மருமகள் பிறகு சொன்னாள். அதனால்தான் கேட்கிறேன்: அடுத்த புயலில் நாங்கள் நம்பியிருக்கப்போகும் இணைப்பை யார், எப்போது, யாரைக் கேட்டு நிறுத்தலாம்?

மத்தியத் தொலைத்தொடர்புத் துறை 2025 மே மாதம் இதற்குப் பாதுகாப்பு விதிகள் வெளியிட்டிருக்கிறது. போர்க்காலத்தில் குறிப்பிட்ட பகுதிக்குச் சேவையை நிறுத்த வழி இருக்க வேண்டும். கடலில் 200 கடல் மைல் வரை சிறப்புக் கண்காணிப்பு மண்டலம். கோடியக்கரை, ஆறுகாட்டுத்துறை மீனவர்கள் வலை விரிக்கும் நம் பக்கத்துக் கடல் முழுவதும் அதற்குள் வருகிறது. தேசப் பாதுகாப்புக்கு அது தேவையாகவே இருக்கலாம். ஆனால் 1974-இல் கச்சத்தீவை இலங்கைக்கு விட்டுக்கொடுக்க எங்கள் மீனவர்களைக் கேட்காமல் முடிவு செய்தார்கள். இம்முறையாவது முன்கூட்டித் தெரிய வேண்டாமா?

அந்த வரிக்கு ஒரு திருத்தமும், அந்த விதிகளை எளிய தமிழில் அரைப் பக்கமும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வடிகால் தூர்வாருவது பற்றிச் சென்ற ஆண்டு நான் எழுதிய கடிதத்தை நான்கு வரியாக வெட்டியிருந்தீர்கள். இதையும் வெட்டுவதானால் என் வயலைப் பற்றியதை எடுத்துவிடுங்கள். விதிகளைப் பற்றியதை விட்டுவையுங்கள்.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி,
தலைஞாயிறு, நாகப்பட்டினம் மாவட்டம்.