பூங்கா வேலிக்குக் களா: நகராட்சிப் பூங்காப் பிரிவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு, வணக்கம்.

பூங்காச் சுற்றுவேலி என்றாலே டெண்டரில் டுராண்டா என்ற அலங்கார வேலிச்செடி ஏறிவிடுகிறது. மலிவு, சீக்கிரம் வளரும்; மறுக்கவில்லை. ஆனால் கத்தரி படாத மூலைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் அந்த மஞ்சள் பழம் நஞ்சு. குழந்தைகள் தின்றால் காய்ச்சல், மயக்கம், வலிப்பு வரை போகும். ஊஞ்சலுக்குப் பக்கத்தில் நடுகிற செடியா அது?

அந்த இடத்துக்குக் களாவை, அதாவது களாக்காய் காய்க்கும் முள்செடியை, கேட்கிறோம். ஆண்டு முழுதும் பச்சை, மணமுள்ள வெள்ளைப் பூ. அரளிக் குடும்பம்தான், பாலும் வடியும். ஆனாலும் பழம் தின்னலாம், காய் ஊறுகாய்க்கு ஆகும். அழகும் வேண்டுமென்றால் பந்த்நகர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பந்த் மனோகர், பந்த் சுதர்சன் ரகங்களைக் கேளுங்கள்: வெள்ளைக் காயில் இளஞ்சிவப்பு படர்ந்திருக்கும்.

களா வேலி சரியாக வராத இடங்களில் பழி செடிமேல் விழுகிறது. குறை பெரும்பாலும் வெட்டுகிற விதத்தில்தான். கன்று வேர் பிடித்ததும் தரையிலிருந்து 1 அடியில் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். விட்டுவிட்டால் ஒற்றைத் தண்டாக மேலே ஓடும். அடி மொட்டையாகி நாய் புகுந்துவிடும். அடுத்த தவறு, ஒப்பந்தத்தில் இருக்கும் ‘மாதம் ஒருமுறை கத்தரிப்பு’. களா கிளை நுனியில் பூக்கும் செடி. நுனியை மாதந்தோறும் சீவினால் பூ ஏது, காய் ஏது? காய்ப்பு ஓய்ந்ததும் ஆண்டுக்கு ஒரு வெட்டு போதும். வெட்டிய முள்ளை அன்றே அள்ளிவிடுங்கள். காய்ந்தால் செருப்பையும் துளைக்கும். அதனால் நடைபாதையிலிருந்து 4 அடியாவது தள்ளி நட வேண்டும்.

நடவு எளிது. ஒன்றரை அடிக் குழி, மக்கிய தொழுவுரம், செடிக்குச் செடி 2 முதல் 3 அடி, மழை தொடங்கும் நேரம். வறட்சி தாங்கும் செடிதான், ஆனால் முதல் கோடையில் தண்ணீர் விட்டாக வேண்டும். இளந்தளிரை ஆடு கடிக்கும். முள் முற்றும்வரை தடுப்பு வேண்டும். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் மட்டும் வேண்டாம், வேர் அழுகிவிடும்.

கன்றுக்குத்தான் முன்யோசனை தேவை. களா விதையைக் காயவைத்துச் சேமித்தால் முளைப்புத்திறன் போய்விடும். பழத்திலிருந்து எடுத்த ஓரிரு நாளில் விதைக்க வேண்டும். ஆகவே எத்தனை கன்று தேவை என்பதை, பழம் கனியும் பருவத்துக்கு முன்பே நர்சரிக்குச் சொல்லிவிடுங்கள். ஓராண்டு வளர்ந்த கன்றுதான் நடவுக்கு ஏற்றது. டெண்டர் தேதியும் அதற்கேற்ப ஓராண்டு முந்தி அமையட்டும்.

இப்படிக்கு,
தோட்டத் தொழில் செய்வோர்