ஸ்காரா பிரே: பொந்தும் அல்ல, புதைந்த நகரமும் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுக்கூட்டத்திலுள்ள ஸ்காரா பிரே என்ற கற்கால ஊர் குறித்து உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில் இரண்டு பிழைகள்.

கற்கால மக்கள் அங்கே மண்ணைக் குடைந்து பொந்துகளில் வாழ்ந்தார்கள் என்பது முதலாவது. அவர்கள் எழுப்பியவை முறையான கல்வீடுகள். அந்தத் தீவுகளின் பாறை பலகை பலகையாகப் பிளந்து வரும். அதைச் சாந்தில்லாமல் அடுக்கிச் சுவர் வைத்தார்கள். சாந்தில்லாச் சுவருக்குக் கல்லிடுக்குகள்தான் எமன், கடற்காற்று உள்ளே பாயும். அதனால் சுவரைச் சுற்றிச் சாம்பல், சிப்பியோடு, எலும்பு எல்லாம் மட்கிக் களிமண்போல் இறுகிய பழங்குப்பையை அணைத்தார்கள். காற்றும் அடைபட்டது, கல்லும் நகரவில்லை. கட்டுரையாளர் மண் என்று நினைத்தது அந்தக் குப்பையைத்தான்.

வீட்டுக்குள் சுமார் 40 சதுர மீட்டர் இடம். நடுவே சதுர அடுப்பு, இரு பக்கமும் கல் கட்டில், வாசலுக்கு எதிரே இரண்டு தட்டுக் கல் அலமாரி. தரையில் பதித்த கல்தொட்டிகளின் மூட்டுகளைக் களிமண்ணால் பூசியிருக்கிறார்கள். பூசாவிட்டால் தண்ணீர் நிற்காது. வாசல் குனிந்து நுழையும் உயரம்தான். கதவுக்குக் குறுக்குச் சட்டம் செருகும் துளைகள்கூட நிலைக்கல்லில் உள்ளன. மரம் அரிதான தீவு என்பதால் கட்டிலும் அலமாரியும் கல்லாயின, நம் காலம்வரை அழியாமல் தப்பி வந்தன. மற்ற ஊர்களில் மரத்தில் செய்தவை மக்கிப்போயின, அவ்வளவுதான் வேறுபாடு.

ஒரே இரவில் மணற்புயல் ஊரை மூடியது என்பது இரண்டாவது பிழை. 1920களின் இறுதியில் அகழ்ந்த தொல்லியலாளர் கோர்டன் சைல்ட் அப்படித்தான் எண்ணினார். வாசலில் சிதறிக் கிடந்த மணிகளை வைத்து, ஒருத்தி தப்பியோடும்போது மாலை அறுந்தது என்று கதையும் கட்டிவிட்டார்கள். மணி சிதறப் புயல் வேண்டுமா என்ன? கி.மு. 2500 வாக்கில் மக்கள் படிப்படியாக வெளியேறினார்கள் என்பதே இன்று ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஏற்கும் கருத்து.

புயலின் பங்கு பிற்காலத்தது. 1850இல் மணலை வாரி ஊரை வெளிக்காட்டியது; 1920களில் கட்டடத்தின் ஒரு பகுதியைக் கொண்டுபோனது. பிறகு எழுப்பிய கடற்சுவர் வீடுகளுக்கு முன்னால் அலையைத் தடுக்கிறது. ஆனால் சுவர் முடியும் இரு முனைகளிலும் கரை அரிபட்டுக்கொண்டே இருக்கிறது. கட்டுரை அதைப் பற்றி ஒரு வரிகூடச் சொல்லவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்