சப்டைட்டில் வரிகளைக் கையால் ஏற்றிய அக்காவுக்கு

அன்புடையீர்,

வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்பதை, எங்கள் படத்தின் பயணத்தைத் தொடக்கத்திலிருந்து பின்தொடர்ந்து வரும் நீங்கள் எல்லோரும் அறிவீர்கள் என்பதால், அதை மறுபடியும் விரிக்கப் போவதில்லை. இத்தாலிய விழாவில் எங்கள் வியட்நாமியப் படத்தின் பிரதி ஆங்கில சப்டைட்டில் இல்லாமல் நின்றது; ஆனாலும் படம் திரையிடப்பட்டது, அரங்கு சிரித்தது, எங்கள் இயக்குநர் நேற்றுதான் விடியும்வரை தூங்கினார். என் கைநடுக்கம் இன்னும் முழுதாக அடங்கவில்லை. அடங்கிய பிறகு எழுதினால் நன்றி வெறும் சம்பிரதாயமாகிவிடும் என்று தோன்றியதால் இப்போதே எழுதுகிறேன்.

இத்தாலிய விழாக்கள் பலவற்றில், திரைக்குக் கீழே தனியாக ஒரு பட்டையில் இத்தாலிய வரிகள் ஓடும். அவை தாமாக ஓடுவதில்லை. அரங்கின் கடைசியில் கணினிக்கு முன் அமர்ந்திருக்கும் ஒருவர், படத்தில் ஏற்கெனவே பதிந்திருக்கும் ஆங்கில சப்டைட்டிலைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு வரியாகத் தட்டிவிடுவார். எங்கள் பிரதியில் அந்த ஆங்கில வரிகளே இல்லாமல் போயின. ஆகவே, ஒரு சொல் கூட வியட்நாமிய மொழி அறியாத பெண்மணி ஒருவர், காதில் விழும் ஒலியை மட்டும் நம்பி ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரிகளைச் சரியான நொடியில் ஏற்ற வேண்டியிருந்தது. காட்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு வந்தால் போதும் என்ற வேலைக்குக் காலையிலேயே வந்து, கையில் பென்சிலோடு என் எதிரில் அமர்ந்து அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: “சிரிப்பு எந்தச் சொல்லில் இருக்கிறது?”

இத்தனை ஆண்டுகளாக ஆங்கில வரிகள் எழுதுகிறேன். இப்படி ஒருவர் கேட்டதே இல்லை.

முதல் படங்களைப் பொறுத்தவரை வியட்நாமுக்கு விழாக்களில் நல்ல பெயர் உண்டு. கான் விழாவில் முதல் படத்துக்கான தங்கக் கேமரா விருது 1993இலும் 2023இலும் வியட்நாமிய மொழிப் படங்களுக்குக் கிடைத்தது. 2024இல் வெனிஸ் திரைப்பட விழாவையொட்டி நடக்கும் விமர்சகர் வாரத்தில் முதற்பரிசு பெற்றதும் அந்நாட்டுப் பெண் இயக்குநர் ஒருவரின் முதல் படமே. எனினும், மழையும் மௌனமும் நிறைந்த படத்தை அரைகுறை வரிகளோடும் பார்த்துவிடலாம்; நகைச்சுவைப் படத்தில் வரி அரை நொடி முந்தினால் சிரிப்பு செத்துவிடும். எங்களுடையதோ மாயமும் நகைச்சுவையும் கலந்த படம். ஆண்டுதோறும் சந்திர நாட்காட்டியின் கடைசி மாதம் 23ஆம் நாள், வீட்டாரின் நல்லது கெட்டதுகளை மேலுலகில் ஒப்பிக்க அடுப்புத் தேவர்கள் கெண்டை மீனேறிப் புறப்படுவதாக வியட்நாமியர் நம்புகிறார்கள். எங்கள் தேவர் தம் மீனைத் தவறவிட்டு, சைகோனில் (ஹோ சி மின் நகரின் பழைய பெயர்) ஓர் அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் மாட்டிக்கொள்கிறார்.

வியட்நாமிய மொழியில் ‘மா’ என்பதைக் குரலை மேலேற்றிச் சொன்னால் தென்பகுதியினருக்கு அம்மா. ஏற்றாமல் சமமாகச் சொன்னால் பேய். வாய் நிறைய ஒட்டரிசிச் சோற்றை அடைத்துக்கொண்டு சிறுவன் “மா வே ரோய்” என்கிறான். அம்மா வந்துவிட்டாள் என்று சொல்லத்தான் நினைக்கிறான். சோறு குரலை ஏறவிடவில்லை. பேய் வந்துவிட்டது என்று கேட்ட தேவர் அரிசிப் பானைக்குள் குதிக்கிறார். தமிழில் என்றால் தாய், பேய் என்ற இயைபு கையோடு கிடைத்திருக்கும். ஆங்கிலத்தில் ‘மம்மி’ என்று எழுதி எகிப்தியப் பிணத்தைத் துணைக்கு அழைத்தேன். இத்தாலிய மொழிபெயர்ப்பாளர் ‘மம்மா’வுக்குப் பக்கத்தில் ‘மும்மியா’வை உட்காரவைத்தார். எழுதியது சரிதான், ஆனால் சிறுவன் விழுங்கி முடிக்கும் முன்பே வரி தோன்றிவிட்டால் எல்லாம் வீண்.

இதை விளக்கியதும் அந்த அக்கா (எங்கள் குழுவில் எல்லோரும் அவரை அக்கா என்ற பொருளில் ‘சி’ என்றே அழைத்தார்கள்) சொற்களின் மேல் குறி போடத் தொடங்கினார். குரல் ஏறும் இடத்தில் மேல்நோக்கிய அம்பு, சமமாக நிற்கும் இடத்தில் கோடு, சிறுவன் விழுங்கும் இடத்தில் ஒரு புள்ளி. நான் சொல்லச் சொல்ல உரக்கத் திருப்பிச் சொன்னார், தவறாகச் சொன்னார், தாமே சிரித்துக்கொண்டு மீண்டும் சொன்னார். மதிய உணவு வேளை கடந்துபோனது. அவர் பையிலிருந்த ரொட்டி, தாளில் சுற்றியபடியே மேசையின் ஓரத்தில் மாலைவரை கிடந்தது.

காட்சியின்போது நான் திரையைப் பார்க்கவில்லை. அவர் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிறுவன் வாயைத் திறந்தான், சொன்னான். விசைக்கு மேலே விரல் அசையாமல் நின்றது. தேவர் மூடியைத் திறந்தார், கால் தூக்கினார், அப்போதுதான் அக்கா தட்டினார். முன்வரிசையில் தொடங்கிய சிரிப்பு எங்கள் இருக்கைவரை வந்து சேர்ந்தபோது அவர் அடுத்த வரிக்குப் போய்விட்டிருந்தார்.

ஏனையோரையும் மறக்கவில்லை. இத்தாலியில் மாலை ஆறு என்றால் சைகோனில் இரவு பதினொன்று. அந்நேரத்திலும் ஸ்டூடியோவைப் பூட்டாமல் வசனப் பட்டியலைப் பகுதி பகுதியாக அனுப்பிய நண்பர்களுக்கும், தங்கள் ஒலிச் சோதனை நேரத்தில் பாதியை எங்களுக்கு விட்டுத்தந்த இன்னொரு படக்குழுவினருக்கும், கேள்வி கேட்காமல் கதவைத் திறந்துவைத்த அரங்கப் பணியாளர்களுக்கும் நன்றி. சைகோனில் துருங் டின் தெருவில் தமிழ் வணிகர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயிலின் பின்சுவரில் நெற்றியை வைத்து எங்களுக்காக வேண்டுதல் சொல்லி வந்த வியட்நாமியத் தோழிகளுக்கும், அங்கிருந்து தைரியம் சொல்லிக்கொண்டே இருந்த தமிழ் நண்பர்களுக்கும் தனியாக நன்றி சொல்ல வேண்டும். கோயில் வாசலில் மல்லிகை வாங்கிய கணக்கை நேரில் தீர்த்துக்கொள்கிறேன்.

பெயர் போட வேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டதால் இந்த மடலிலும் அவர் பெயர் இல்லை. பென்சில் குறிகள் போட்ட தாள்களைத் தமக்கு ஒரு நகல் எடுத்துத் தர முடியுமா என்று மட்டும் கேட்டார். மூலத்தை அவரிடமே கொடுத்துவிட்டு நகலை நான் வைத்துக்கொண்டேன். இனி இந்தப் படம் எந்த விழாவுக்குப் போனாலும், சப்டைட்டில் சரியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், வரிகளை ஏற்றுபவரின் மேசைக்கு அந்த நகலின் நகல் ஒன்று முதல் நாளே போய்ச் சேர்ந்துவிடும்.

நன்றியுடன்,
படத்துக்கு ஆங்கில வரிகள் எழுதியவள்
ஹோ சி மின் நகர்