மூடி நிற்காத கிண்ணம்

அன்புள்ள இமோ,

உங்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்கு உங்கள் பாஷையில் பத்து வாக்கியம் தேறினால் அதிகம். இருந்தாலும் எழுதுகிறேன், காரணம் 150 ரூபாய்.

போன சனிக்கிழமை மதியம் சென்னையில் ஒரு கொரிய உணவகத்துக்குப் போயிருந்தேன். கிம்ச்சி, அதாவது மிளகாய்த்தூள் போட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோஸ், தீர்ந்ததும் இன்னொரு கிண்ணம் கேட்டேன். வந்தது. பில்லிலும் வந்தது, அந்த 150 ரூபாய். பந்தியில் இரண்டாவது முறை ரசம் ஊற்றிவிட்டுக் காசு கேட்ட மாதிரி இருந்தது எனக்கு. அவர்களையும் குறை சொல்ல முடியாது. இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் ஓட ஆரம்பித்ததும் கொரியக் குடும்பங்கள் வந்தன, பின்னாலேயே இந்தக் கடைகளும் வந்தன. அந்த முட்டைக்கோஸும் மிளகாய்த்தூளும் இங்கே மலிவா என்ன? சரி, அது அவர்கள் கணக்கு. எனக்கு உங்கள் ஞாபகம் வந்துவிட்டது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று: கொரிய மொழியில் இமோ என்றால் அம்மாவின் கூடப்பிறந்தவள், பெரியம்மாவோ சித்தியோ. சாப்பாட்டுக் கடையில் பரிமாறும் பெண்களையும் அங்கே அப்படிக் கூப்பிடுவார்கள், நாம் மெஸ்ஸில் 'அக்கா' என்கிறோமே, அப்படி. அங்கே இருந்த இரண்டு வருஷத்தில் உங்கள் பெயரைக் கேட்கத் தோன்றவே இல்லை.

கொரியாவின் தேஜோன் நகரில், பல்கலைக்கழகத்துக்குப் பின்சந்தில் ஆறே மேசை போட்ட கடை உங்களுடையது. முதல் நாள் சோறும் குழம்பும் வந்து ஆறிக்கொண்டிருக்க, ஸ்பூன் எப்போது வரும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீங்கள் வந்து என் முழங்காலுக்கு மேலே மேசையின் இழுப்பறையை இழுத்துக் காட்டினீர்கள். ஸ்பூனும் குச்சிகளும் அடுக்கடுக்காய் உள்ளே இருந்தன. அதற்குப் பிறகு நான் 11:40க்கே வந்துவிடுவேன். 12 மணி அடித்தால் ஆபீஸ் கூட்டம் நான்கு நான்கு பேராய் நுழையும், ஒற்றை ஆளாய் ஒரு மேசையைப் பிடித்துக்கொண்டு உட்காரக் கூச்சம். வேறு கடைகளில் 'இரண்டு பேருக்குக் குறைந்து தருவதில்லை' என்று திருப்பியும் அனுப்பியிருக்கிறார்கள்.

உங்கள் ஊரில் எனக்குப் பிடிபடவே நாளான விஷயம், எது அளவு, எது அளவில்லை என்பது. எங்கள் மெஸ்ஸில் சோறு, சாம்பார், ரசம் எல்லாம் கேட்கக் கேட்க வரும். அப்பளம் மட்டும் ஒன்றுதான். உங்களிடம் தலைகீழ். கீரை, முளைகட்டிய பயறு, கிம்ச்சி என்று சின்னத் தட்டுகளில் வைக்கிற பன்ச்சான் எத்தனை முறை வேண்டுமானாலும் நிரம்பும். சோறு மட்டும் மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் ஒரே அளவு. இன்னொன்று வேண்டுமென்றால் ஆயிரம் வோன். அந்தக் கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிடவும் கூடாது, மேசையிலேயே இருக்க வேண்டும்.

ஏன் அப்படி என்று ஆய்வகத் தோழி ஒருத்தியை வைத்து உங்களிடம் கேட்டேன். 1970களில் அரிசித் தட்டுப்பாடு. ஓட்டல் கிண்ணத்தின் அளவையே அரசாங்கம் தீர்மானித்த காலம் அது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் டிபன் பாக்ஸைத் திறக்கச் சொல்லி, சோற்றில் பார்லி கலந்திருக்கிறதா என்று பார்ப்பாராம். நீங்கள் மேலாக மட்டும் பார்லியைத் தூவி எடுத்துப்போனதைச் சொல்லிச் சிரித்தீர்கள்.

அப்புறம் அந்த நெத்திலி விவகாரம். 'கோகி ஒப்ஸி', கறி இல்லாமல், என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தவன் நான். தென்ஜாங் என்கிற புளித்த சோயா விழுதில் வைக்கிற குழம்பை ஒரு மாதம் உறிஞ்சிக் குடித்தேன், என்ன மணம்! ஒருநாள் சட்டியின் அடியில் நெத்திலிக் கருவாடு ஒன்று கண்ணைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தது. உங்களுக்கு மீன் கறிக்கணக்கிலேயே இல்லை. என் முகம் போன போக்கைப் பார்த்து மறுநாளிலிருந்து எனக்கென்று தனிச் சட்டி வைத்தீர்கள், கடற்பாசியும் காய்ந்த காளானும் போட்டு. முதல் வாரம் உப்புச் சப்பில்லாமல்தான் இருந்தது, இப்போது சொல்லலாம். கிம்ச்சியில் உப்பிட்ட இறால் இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. அதை விட முடியவில்லை. பாட்டியிடம் இன்னும் சொல்லவில்லை.

'பாப் மொகொஸ்ஸோ?' என்று சந்தில் பார்த்தால்கூடக் கேட்பீர்கள். சாப்பிட்டாச்சா என்பதுதான். அம்மா, அப்பா இரண்டு பாஷையிலும் ஒன்றுதான் என்று யூடியூபில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இந்தக் கேள்வியை யாரும் சொல்வதில்லை.

மற்றவர்களுக்குச் சூட்டுப் பெட்டியிலிருந்து, முன்பே அளந்து மூடிவைத்த கிண்ணம். கொஞ்ச நாளில் என்னுடையதை மட்டும் நேராகக் குக்கரிலிருந்து நிரப்பிக்கொண்டு வர ஆரம்பித்தீர்கள். மேலே சோறு குவிந்து, மூடி ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, நடந்து வரும்போது டக் டக்கென்று ஆடும். அந்தச் சத்தம் கேட்டால் தலை நிமிர்த்தாமலே இழுப்பறையைத் திறப்பேன். பில்லில் ஆயிரம் வோன் ஏறியதே இல்லை.

சென்னைக் கடையில் கிண்ணத்தின் மூடி கச்சிதமாகப் பொருந்தியிருந்தது, இமோ.

இப்படிக்கு,
11:40 மணிக்காரன்